டிகிரி இல்லை, எஃப்.ஏ.வில் இரண்டு முறை ஃபெயில்... ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போனது எப்படி?

டிசம்பர் வந்துவிட்டால் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த பிள்ளைகளின் லேப்டாப்பில் ஒரே காட்சிதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் அப்ளிகேஷன் பக்கங்கள் நாலைந்து திறந்திருக்கும். மார்க் ஷீட்டை ஸ்கேன் பண்ணி ஏற்ற வேண்டும். ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த இடம் என்று இரண்டு பக்கத்துக்கு எஸ்.ஓ.பி. எழுத வேண்டும். மூன்று பேரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்க வேண்டும். அதில் ஒருவராவது கடைசி நாள் வரை அனுப்பாமல் இழுத்தடிப்பார்.

அரியலூர் பக்கத்துக் கல்லங்குறிச்சி மாதிரி ஒரு ஊரில், வீட்டின் முதல் பட்டதாரி ஒருவர் அப்ளை பண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு கோடிங் கஷ்டமில்லை. யாரைப் போய்க் கேட்பது என்பதுதான் கஷ்டம். கலியுக வரதராஜப் பெருமாளிடம் வேண்டிக்கொள்ளலாம். எஸ்.ஓ.பி.யைப் படித்துத் திருத்தித் தர ஒரு ஆள் வேண்டுமே?

அங்கிருந்து தென்கிழக்கே கொள்ளிடத்தைத் தாண்டிப் போனால் கும்பகோணம். அந்த ஊரின் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்த ஒருவரின் ஃபைலை இன்றைய அட்மிஷன் கமிட்டி முன்னால் வைத்தால் இப்படித்தான் இருக்கும். டிகிரி: இல்லை. கல்லூரித் தேர்வு: இரண்டு முறை ஃபெயில். வேலை: துறைமுக ஆபீஸில் கிளார்க். வயது: 25. முதல் சுற்றிலேயே ஓரமாக வைத்துவிடுவார்கள்.

அவர் ஸ்ரீனிவாச ராமானுஜன். இந்த டிசம்பர் சீசன் நடுவில்தான், 22ஆம் தேதி, அவர் பிறந்தநாளும் வருகிறது. நாடு முழுக்க அதைத் தேசிய கணித தினமாகக் கொண்டாடுகிறோம். கனவில் நாமகிரித் தாயார் வந்து சூத்திரம் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் டிகிரி இல்லாத ஒருவருக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் எந்த ஆபீஸ் நடைமுறையில் இடம் கொடுத்தன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பார்க்கப்போனால் அவர் கேம்பிரிட்ஜுக்கு அப்ளை பண்ணவே இல்லை.

முதலில் மார்க் ஷீட்

1887இல் ஈரோட்டில், அம்மாவின் பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம். அப்பா ஸ்ரீனிவாச அய்யங்கார் ஜவுளிக்கடையில் கணக்கெழுதினார், மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். டவுன் ஹைஸ்கூலில் ராமானுஜன் நல்ல மாணவர்தான். கணக்கில் மட்டுமல்ல, பரிசுகள் வாங்கும் அளவுக்கே படித்தார்.

1903இல் ஒரு புத்தகம் கைக்கு வந்தது. ஜி.எஸ். கார் என்ற இங்கிலாந்து டியூஷன் வாத்தியார் தொகுத்தது. சுமார் 5,000 கணிதத் தேற்றங்கள் வரிசையாக இருக்கும், நிரூபணம் பெரும்பாலும் இருக்காது. இன்றைய பாஷையில் சொன்னால் பரீட்சைக்கான கைடு. 15 வயதுப் பையன் அதை மனப்பாடம் செய்யவில்லை. ஒவ்வொன்றையும் தானே நிரூபித்துப் பார்க்க ஆரம்பித்தான். நல்ல பாடநூல் கிடைத்திருந்தால் நிரூபணம் எழுதும் முறையும் சேர்ந்து வந்திருக்கும். கைடு கிடைத்ததால் விடையை மட்டும் எழுதும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. பத்து வருஷம் கழித்து இங்கிலாந்துப் பேராசிரியர்கள் முகம் சுளித்தது இந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான்.

1904இல் ஸ்காலர்ஷிப்போடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர எதையும் படிக்கவில்லை. ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் ஃபெயில், ஸ்காலர்ஷிப் போச்சு. அப்பாவின் சம்பளத்தில் ஃபீஸ் கட்ட வழியில்லை. 1905இல் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டார். அடுத்த வருஷம் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடம்பு சரியில்லாமல் போனது, எஃப்.ஏ. தேர்விலும் தோல்வி. 1907இல் தனித்தேர்வராக மறுபடி எழுதினார். கணக்கில் பாஸ், மற்ற எல்லாப் பாடத்திலும் ஃபெயில்.

அன்றைக்கு எஃப்.ஏ. இல்லையென்றால் பி.ஏ.வுக்குள் நுழைய முடியாது. கதவு சாத்தியாகிவிட்டது. அடுத்த நாலைந்து வருஷம் அவர் வேலையில்லாத இளைஞர்தான். திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் போட்டுப் பார்ப்பார், முழங்கையால் அழிப்பார், விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார். பேப்பர் விலை கட்டுப்படியாகாது. 1909இல் ஜானகியோடு கல்யாணம். இனிமேல் சம்பளம் வேண்டும்.

கையில் நோட்டுப் புத்தகம், வாயில் ஒரே கேள்வி

1910இன் கடைசியில் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தை ஆரம்பித்தவர் அவர்தான். ராமானுஜன் கேட்டது தாலுகா ஆபீஸில் ஒரு கிளார்க் வேலை. ஐயர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். வேலை தரவில்லை. இந்த ஆளைத் தாலுகா ஆபீஸில் உட்கார வைத்தால் கணக்கு செத்துப்போகும் என்று அவருக்குப் பட்டது. சென்னையில் தெரிந்தவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

இங்கிருந்து ஒரு சங்கிலி ஆரம்பிக்கிறது. சென்னையில் முன்பு கும்பகோணத்தில் பாடம் எடுத்த பி.வி. சேஷு ஐயர். அவர் வழியாக நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ். ராவ் முதலில் நம்பவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை என்று பார்த்துப் பேசிய பிறகுதான் எதிரில் நிற்பவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்று தெளிந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். சாப்பாட்டுக்கு வழி இருந்தால் போதும், கணக்கைத் தொடர்ந்து பார்த்துக்கொள்வேன் என்பதுதான் பதில். மாதம் 25 ரூபாய் சொந்தக் காசிலிருந்து அனுப்ப ஆரம்பித்தார் ராவ்.

அந்த 25 ரூபாயில் நடந்ததைப் பாருங்கள். 1911இல் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது, பெர்னூலி எண்களைப் பற்றி. அதே இதழின் கேள்விப் பகுதியில் அவர் ஒரு புதிரும் போட்டார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவில்லாமல் போகும் ஒரு கோவை, அதன் மதிப்பு என்ன? ஆறு மாதம் யாரும் விடை அனுப்பவில்லை. விடை 3. அவரே சொல்ல வேண்டியதாயிற்று.

இன்றைக்கு அப்ளை பண்ணுகிறவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். டிகிரி இல்லாத ஆளின் ஃபைலில் ஒரு பப்ளிகேஷன் ஏறிவிட்டது.

ஆனால் அடுத்தவர் காசில் இருப்பது ராமானுஜனுக்குப் பிடிக்கவில்லை. 1912 பிப்ரவரியில் சென்னை துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்கு விண்ணப்பம் போட்டார். அதில் மெட்ரிகுலேஷன் பாஸ் என்றும், எஃப்.ஏ. வரை படித்ததாகவும், சில சங்கடமான சூழ்நிலைகளால் மேலே தொடர முடியவில்லை என்றும் எழுதினார். ஃபெயில் என்ற வார்த்தை இல்லை! கூடவே பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசு இருந்தது. மார்ச் 1 முதல் வேலை, மாதம் 30 ரூபாய்.

வேலையைவிட முக்கியம், அங்கே மேலே இருந்த இரண்டு பேர். சீஃப் அக்கவுன்டன்ட் எஸ். நாராயண ஐயர் ஒரு கணித ஆர்வலர், கணிதக் கழகத்திலும் பொறுப்பில் இருந்தவர். ராத்திரி இருவரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு இன்ஜினீயர். கணக்கு ஐயர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும், ஆனால் கவர்னர் வரைக்கும் பேசக்கூடிய செல்வாக்கு அவரிடம் இருந்தது. ஒருவருக்கு விஷயம் தெரியும், இன்னொருவருக்கு ஆட்களைத் தெரியும். ராமானுஜனுக்குக் கடைசியில் கை கொடுத்தது இந்த ஜோடிதான்.

ஒன்று தயங்கியது, இரண்டு திரும்பி வந்தது

1912 நவம்பரில் சென்னை இன்ஜினீயரிங் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், ராமானுஜனின் சில முடிவுகளை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருந்த எம்.ஜே.எம். ஹில்லுக்கு அனுப்பினார். ஹில் பொறுமையாகப் படித்துப் பதில் போட்டார். ஆளுக்குக் கணிதத்தில் ஈடுபாடும் திறமையும் இருக்கிறது, ஆனால் விரியும் தொடர்களைக் கையாளும் விதத்தில் ஓட்டை இருக்கிறது என்பது அவர் கருத்து. படிக்க ஒரு புத்தகத்தையும் பரிந்துரைத்தார். மாணவராக எடுத்துக்கொள்ள முன்வரவில்லை.

ஹில் மேல் கோபப்படுவது சுலபம். ஆனால் அவர் கண்ணில் பட்டது என்ன? 1+2+3+4 என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் விடை மைனஸ் 12இல் ஒரு பங்கு என்று ஒருவர் எழுதுகிறார். விளக்கம் கிடையாது. தெரியாத ஊரிலிருந்து தெரியாத ஆள். ரீமன் ஜீட்டா சார்பு வழியாகப் பார்த்தால் அதற்கு நியாயமான பொருள் உண்டு. ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால் கிறுக்கல் மாதிரிதான் தெரியும். விடை மட்டும் எழுதும் அந்தப் பழைய கைடு பழக்கம் இங்கேதான் காலை வாரியது.

கேம்பிரிட்ஜில் ஹெச்.எஃப். பேக்கர், இ.டபிள்யூ. ஹாப்சன் என்று இரண்டு பெரிய பேராசிரியர்களுக்கும் அனுப்பிப் பார்த்தார். எந்தக் கருத்தும் இல்லாமல் திரும்பி வந்தன.

அடுத்து எழுதியது 1913 ஜனவரி 16 அன்று, டிரினிட்டி கல்லூரி ஜி.ஹெச். ஹார்டிக்கு.

ஹார்டியை அவர் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துவிடவில்லை. ஹார்டி எழுதிய ஒரு சிறு நூலை ராமானுஜன் படித்திருந்தார். குறிப்பிட்ட எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்று சொல்லத் துல்லியமான கோவை இன்னும் கிடைக்கவில்லை என்று அதன் 36ஆம் பக்கத்தில் ஒரு வரி. தான் அதைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லி அங்கிருந்து பேச்சை ஆரம்பித்தார் ராமானுஜன். பேராசிரியரின் வேலையைப் படித்துவிட்டு, அதில் திறந்திருக்கும் கேள்வியைப் பிடித்துக்கொண்டு எழுது என்று இன்றைக்கு சீனியர்கள் சொல்லித் தருவதைத்தான் அவர் தானாகச் செய்தார். அந்தப் பகா எண் சூத்திரம் தப்பு என்று பிறகு தெரிந்தது. அதற்குள் கடிதம் தன் வேலையை முடித்துவிட்டது.

தன்னைப் பற்றி அவர் எழுதியது சில வரிகள்தான். துறைமுக ஆபீஸ் கிளார்க், வருஷத்துக்கு 20 பவுன் சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது, பள்ளிப் படிப்பு மட்டும். வயது சுமார் 23 என்று போட்டார். உண்மையில் 25. ரெஸ்யூமேயில் லேசாகத் தட்டிப் போடுவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை போலிருக்கிறது. பின்னால் பக்கம் பக்கமாக சுமார் 120 தேற்றங்கள்.

என்ன கேட்டார்? சீட் இல்லை. தான் ஏழை, இதில் மதிப்புள்ளது ஏதாவது இருந்தால் வெளியிட வேண்டும் என்று மட்டும்தான்.

ஹார்டி முதலில் ஏதோ விளையாட்டு என்று நினைத்தார். ஆனால் மனதை விட்டுப் போகவில்லை. சாயங்காலம் நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தார். சில ஏற்கெனவே தெரிந்தவை. சில தப்பு. சில இதுவரை அவர்கள் பார்க்காத ரகம். இப்படிப்பட்டதை இட்டுக்கட்டும் அளவுக்குக் கற்பனை உள்ள மோசடிக்காரன் இருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள். பிப்ரவரி 8ஆம் தேதி பதில் கிளம்பியது. பாராட்டு நிறைய, கோரிக்கை ஒன்று: நிரூபணம் அனுப்பு.

ராமானுஜன் என்ன செய்தார் தெரியுமா? நிரூபணம் அனுப்பவில்லை. இன்னும் கொஞ்சம் தேற்றங்களை அனுப்பினார். அதோடு, தான் அரைப் பட்டினியில் இருப்பதாகவும், மூளை வேலை செய்யச் சோறு வேண்டும் என்றும், உங்களிடமிருந்து ஆதரவாக ஒரு கடிதம் வந்தால் இங்கேயே பல்கலைக்கழகத்திலோ அரசாங்கத்திலோ ஸ்காலர்ஷிப் வாங்க உதவும் என்றும் எழுதினார். அதாவது உலகின் முன்னணிக் கணிதவியலாளர்களில் ஒருவரிடம் அவர் எதிர்பார்த்தது ஒரு எல்.ஓ.ஆர். அதுவும் சென்னையில் காட்டுவதற்கு.

அசல் அட்மிஷன் நடந்தது சென்னையில்

சினிமாவும் பாடப் புத்தகமும் இந்த இடத்தில் நேராகக் கப்பலுக்குத் தாவிவிடும். நடுவில் 14 மாதங்கள் இருக்கின்றன. அதில்தான் விஷயமே இருக்கிறது.

ஹார்டியின் பதில் கிளம்பி மூன்று வாரம்கூட ஆகவில்லை, வானிலைத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். பசிபிக் கடல் மேல் நடக்கும் காற்றோட்டத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எல் நினோ செய்தி படிக்கிறவர்களுக்கு வாக்கர் சுழற்சி பழக்கமான பெயர். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் வாங்கியவர். ஸ்பிரிங் ராமானுஜனின் நோட்டுகளை அவரிடம் காட்டினார். இது தன் துறை இல்லை, தரம் பார்க்கத் தனக்குத் தகுதி போதாது என்று ஒப்புக்கொண்டே, ஆனால் கேம்பிரிட்ஜ் கல்லூரி ஃபெல்லோ ஒருவரின் வேலையோடு ஒப்பிடத் தக்கது என்று மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரிக்கு எழுதினார். சோற்றுக் கவலை இல்லாமல் சில வருஷம் இந்த ஆள் கணக்கு போட ஏற்பாடு செய்யுங்கள் என்பதுதான் சாரம்.

மார்ச்சில் கணிதப் பாடத்திட்டக் குழு கூடியது. தலைவர் இன்ஜினீயரிங் கல்லூரியின் ஹனுமந்த ராவ். ராமானுஜனின் வேலையை விளக்க நாராயண ஐயரையே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மாதம் 75 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தரலாம் என்று குழு பரிந்துரைத்தது.

அடுத்த படி சிண்டிகேட். அங்கே விதி குறுக்கே வந்தது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். இவருக்கு இளங்கலையே இல்லை, இளங்கலைக்கு முந்தைய தேர்விலேயே இரண்டு தடவை கோட்டை விட்டவர். ஃபைலை மூட அந்தக் காரணம் தாராளமாகப் போதும். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஐகோர்ட் நீதிபதி சுந்தரம் ஐயர்தான் எழுந்து கேட்டார். பல்கலைக்கழகச் சட்டத்தின் முகப்புரையில் ஆராய்ச்சியை வளர்ப்பது அதன் கடமைகளில் ஒன்று என்று இருக்கிறதா இல்லையா? இருக்கிறது என்றால், ஆராய்ச்சி செய்யக்கூடியவர் என்று குழுவே சொல்லும் ஒருவரை உள்விதி ஒன்றைக் காட்டித் தடுப்பது எப்படிச் சரி? வக்கீல் வாதம்தான். ஆனால் எடுபட்டது. ஏப்ரல் 7ஆம் தேதி ஒப்புதல் ஆனது. மே 1 முதல் ராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர். துறைமுகம் அவருக்குச் சம்பளமில்லாத விடுப்பு கொடுத்தது.

30 ரூபாயிலிருந்து 75 ரூபாய். வேலை என்ன? மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை தர வேண்டும், அவ்வளவுதான். மூன்று அறிக்கைகள் தந்தார். இன்றைக்கு ராமானுஜன் மாஸ்டர் தியரம் என்று இன்ஜினீயரிங் மாணவர்கள்கூட ஒருங்கிணைவுக் கணக்குக்குப் பயன்படுத்துவது அந்த அறிக்கைகளில் இருக்கிறது.

அன்றைக்குக் கும்பகோணத்துப் பையனுக்கும், திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் இருந்த அரியலூர் பையனுக்கும் பல்கலைக்கழகம் என்றால் இந்த ஒன்றுதான். அதே பல்கலைக்கழகத்தின் தேர்வுதான் அவரை இரண்டு முறை வெளியே தள்ளியது. உள்ளே எடுத்துக்கொண்டதும் அதுவே.

சீட் ரெடி, ஆள் ரெடியில்லை

ஹார்டி இதற்குள் லண்டன் இந்தியா ஆபீஸ் மூலமாக ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைக்க முயற்சியை ஆரம்பித்திருந்தார். சென்னையில் அதிகாரி ஒருவர் கூப்பிட்டுக் கேட்டபோது ராமானுஜன் மறுத்துவிட்டார். கடல் கடந்தால் ஜாதிக் கட்டுப்பாடு. ஆசாரமான அய்யங்கார் குடும்பத்தில் அது சின்ன விஷயம் இல்லை. ஊரில் கல்யாணம், சாவு எதிலும் சேர்க்க மாட்டார்கள். அம்மா கோமளத்தம்மாள் ஒப்புக்கொள்ளவே இல்லை.

1914 ஜனவரியில் ஹார்டியின் இளம் சகா இ.ஹெச். நெவில் பாடம் நடத்தச் சென்னை வந்தார். ராமானுஜனைச் சமாதானம் செய்யும் பொறுப்பையும் ஹார்டி அவரிடம் கொடுத்திருந்தார். நெவில் தயங்கித் தயங்கிக் கேட்டால், ராமானுஜன் சம்மதம் என்கிறார்! நாமகிரித் தாயார் அம்மாவின் கனவில் வந்து மகனைத் தடுக்காதே என்று சொன்னதாகக் குடும்பத்தில் சொல்வார்கள். அது எப்படியோ, ராமானுஜனுக்கு நாலு நியாயமான கவலைகள் இருந்தன. செலவுக்கு என்ன வழி? தன் ஆங்கிலம் போதுமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? மறுபடியும் பரீட்சை எழுதச் சொல்வார்களா? கடைசிக் கேள்வி முக்கியம். இரண்டு தடவை அடி வாங்கியவருக்குத்தான் அந்த பயம் புரியும். பரீட்சை கிடையாது என்று நெவில் உறுதி சொன்னார்.

பணத்துக்காக நெவில் பதிவாளர் டியூஸ்பரிக்கு எழுதினார். பேராசிரியர் லிட்டில்ஹெய்ல்ஸ் பல்கலைக்கழகத்துக்குள் பேசினார். ஸ்பிரிங் கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் அலுவலகத்தைப் பிடித்தார். சென்னைப் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுன், கப்பல் செலவு, துணிமணிச் செலவு என்று கொடுத்தது. அதில் மாதம் 60 ரூபாய் கும்பகோணத்தில் பெற்றோருக்குப் போய்விட வேண்டும் என்று ராமானுஜன் ஏற்பாடு செய்துகொண்டார். டிரினிட்டியும் தன் பங்குக்கு வருஷத்துக்கு 60 பவுன் சேர்த்தது. கவனித்தால் தெரியும், பெரிய தொகை கேம்பிரிட்ஜ் கொடுத்ததில்லை. இன்றைக்கு ஃபண்டிங் என்று அலைகிறோமே, அவருக்கு அது சொந்த ஊரிலிருந்தே வந்தது.

குடுமியை எடுக்கும்போது அம்மாவும் ஜானகியும் பார்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். மார்ச் 17 அன்று நெவாசா என்ற கப்பல் சென்னையை விட்டுக் கிளம்பியது. கேம்பிரிட்ஜிலும் உரிய சான்றிதழ் இல்லை என்ற விதியைத் தளர்த்தித்தான் 1914 ஜூனில் ஆராய்ச்சி மாணவராகப் பதிவு செய்தார்கள்.

டிகிரி கையில், உடம்பு கைவிட்டது

1916 மார்ச்சில் ஆராய்ச்சி மூலம் பி.ஏ. பட்டம் வாங்கினார். அங்கே பிஎச்.டி. என்ற பட்டம் அப்போது இல்லை. சில வருஷம் கழித்துப் பிஎச்.டி. என்று வந்ததன் முன்வடிவம்தான் இது. ஆய்வுத் தலைப்பு, நிறைய வகுஎண்கள் கொண்ட எண்கள். 12ஐ ஆறு எண்களால் மீதியில்லாமல் வகுக்கலாம். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. 24, 36, 48, 60 என்று இந்த வரிசை எப்படிப் போகிறது என்பதைத்தான் ஆராய்ந்தார்.

பிறகு ஹார்டியோடு சேர்ந்து பிரிவினைக் கணக்கு. 4 என்ற எண்ணைக் கூட்டலாக 5 விதத்தில் எழுதலாம். 200ஐ? 3,972,999,029,388 விதம், ஏறக்குறைய 4 லட்சம் கோடி. மேக்மகான் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி கையாலேயே கணக்கிட்டு இந்த எண்ணைத் தந்தார். இருவரின் சூத்திரம் சில உறுப்புகளிலேயே அந்த விடையைத் தொட்டது. மனிதனே கம்ப்யூட்டராக இருந்த காலத்தில் இப்படித்தான் ஒரு அல்காரிதத்தை டெஸ்ட் பண்ணினார்கள்.

மற்றது சோகமான பகுதி, எல்லோருக்கும் ஓரளவு தெரிந்தது. போர்க்காலம், குளிர், தானே சமைத்துச் சாப்பிட வேண்டிய நிலை, வீட்டிலிருந்து கடிதம் வராத தனிமை. 1917இல் படுத்தவர் முழுதாக எழுந்திருக்கவில்லை. 1918இல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ, அதே வருஷம் டிரினிட்டி ஃபெல்லோ. டிரினிட்டி முந்தைய வருஷம் நிராகரித்திருந்தது. 1919இல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் இறந்தபோது வயது 32. காசநோய் என்று அன்றைக்கு நம்பினார்கள். கல்லீரலைத் தாக்கும் அமீபா தொற்றாக இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்தவர் கருதினார். அது உண்மையானால், குணப்படுத்தியிருக்கக் கூடிய நோய்.

கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்கு இவர் யார்?

1914இல் பை என்ற எண்ணைக் கணக்கிட ராமானுஜன் சில தொடர்களை வெளியிட்டார். ஒன்றில் ஒவ்வொரு உறுப்பைக் கூட்டும்போதும் 8 இலக்கங்கள் புதிதாகச் சரியாகக் கிடைக்கும். 71 வருஷம் கழித்து, 1985இல் பில் காஸ்பர் என்ற புரோகிராமர் அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டி பையை 1 கோடியே 70 லட்சம் இலக்கங்களுக்கும் மேல் கணக்கிட்டார். வேடிக்கை என்னவென்றால், ஓட்டும்போது அந்தத் தொடருக்கு முழு நிரூபணம் யாரிடமும் இல்லை. அதன் பிறகுதான் போர்வைன் சகோதரர்கள் நிரூபித்தார்கள். இன்றைய பை சாதனைகளில் பயன்படும் சுட்னோவ்ஸ்கி முறையும் ராமானுஜன் தொடரின் வாரிசுதான், உறுப்புக்கு 14 இலக்கம்.

1988இல் லுபாட்ஸ்கி, ஃபிலிப்ஸ், சார்னக் மூவரும் ஒரு வகை வலைப்பின்னலுக்கு ராமானுஜன் கிராஃப் என்று பெயர் வைத்தார்கள். குறைவான இணைப்புகள், ஆனால் எங்கிருந்து எங்கு வேண்டுமானாலும் சில தாவல்களில் போய்விடலாம். நெட்வொர்க் வடிவமைப்பு, பிழை திருத்தும் குறியீடுகள் என்று தியரி பாடம் எடுக்கும் எம்.எஸ். மாணவர்கள் இந்தப் பெயரை நிச்சயம் சந்திப்பார்கள். அவர் வரைந்ததில்லை அது. 1916இல் அவர் சொன்ன ஒரு ஊகம் உண்மை என்று 1974இல் டெலீன் நிரூபித்தார், அதன் பலத்தில் கட்டியது.

கடைசி விண்ணப்பம்

ஊர் திரும்பும் முன் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு வருஷத்துக்கு 250 பவுன் உதவித்தொகை அறிவித்தது. 1919 ஜனவரியில் நோய்ப் படுக்கையிலிருந்து ராமானுஜன் பதில் எழுதினார். பெறுநர் அதே பதிவாளர் டியூஸ்பரி. ஆறு வருஷத்துக்கு முன்பு ஃபெயிலான ஒரு கிளார்க்கின் ஃபைலை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டவர்.

இந்தத் தொகை தனக்கு அதிகம் என்றார் ராமானுஜன். இங்கிலாந்துச் செலவுகள் போக, பெற்றோருக்கு வருஷம் 50 பவுன் கொடுத்தது போக, தன் அத்தியாவசியச் செலவுக்கு மேல் மிஞ்சுவதை ஏழைப் பையன்கள், அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஊருக்கு வந்ததும் அதற்கான ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார். வந்து 13 மாதத்தில் போய்விட்டார்.